செயின் சத்தம் போட்டால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள்

தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டிய சாலையில்தான் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். இங்கே காற்றே உப்பு. ஒரு வாரம் ஆயில் காணாத செயினில் துரு பூத்துவிடும். வீட்டில் என் 150 சிசி வண்டி, அப்பாவின் ஸ்ப்ளெண்டர், தம்பியின் டியூக் 390 என்று மூன்று வண்டிகள். கீழ்வீட்டுப் பால்கார அண்ணனின் வண்டியும் செயின் என்றால் என்னிடம்தான் வரும். பத்துப் பன்னிரண்டு வருடமாக இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "செயின் சத்தம் போடுது, கொஞ்சம் டைட் வச்சு விடு." செயின் நிஜமாகவே தொங்கினால் டைட் வைக்கலாம். காய்ந்த செயினையும் தேய்ந்த செயினையும் டைட் வைத்தால் கோளாறு செயினோடு நிற்காது, கியர் பாக்ஸ் வரை போகும். அதனால் என்ன அறிகுறி என்று முதலில் பாருங்கள், ஸ்பேனர் அப்புறம்.

## தொடங்கும் முன்

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டு, வண்டியை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் எந்த வேலையும். ஃபர்ஸ்ட் கியரில் சக்கரத்தை ஓடவிட்டுத் துணியால் செயினைத் துடைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். துணி பல்சக்கரத்தின் பல்லில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கையை எடுக்க நேரமே இருக்காது. அவசரம் என்றாலும் இதைச் செய்யாதீர்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது என்ன செயின் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத் தகட்டில் எண் அச்சிட்டிருக்கும். 100 முதல் 160 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் 428, டியூக் 390 போன்றவற்றில் 520. தகடுகளுக்கு நடுவே கருப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். உள்ளே போட்ட கிரீஸை அந்த வளையம்தான் காக்கிறது. வளையம் இல்லையென்றால் சாதாரணச் செயின், நீங்கள் ஊற்றுகிற ஆயில்தான் அதற்கு எல்லாமே.

## குழியில் இறங்கும்போது "சளக் சளக்"

முதலில் செயின் கவரைப் பாருங்கள். செலவே இல்லாத காரணம் அதுதான். ஸ்ப்ளெண்டர் மாதிரி முழுக் கவர் உள்ள வண்டிகளில் போல்ட் ஒன்று லூசாகியிருக்கும், அல்லது எங்காவது இடித்துத் தகடு உள்ளே நெளிந்திருக்கும். கவரைக் கையால் ஆட்டுங்கள். கவரிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால், செயின் உரசிய இடம் வெள்ளிக் கோடு மாதிரி பளபளக்கும். போல்ட்டை முடுக்கி, நெளிந்ததை நிமிர்த்தினால் வேலை முடிந்தது.

கவர் சரியாக இருந்தால் செயினின் தொய்வைப் பாருங்கள். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஒரு ஸ்கேலை நிறுத்தி, விரலால் செயினைக் கீழே இழுத்து, பிறகு மேலே தள்ளி, மொத்தம் எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். நிறைய வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. இருக்கும், சிலவற்றுக்கு இதைவிட அதிகம். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். சைடு ஸ்டாண்டில் அளப்பதா, சென்டர் ஸ்டாண்டில் அளப்பதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். அது மாறினால் அளவும் மாறும்.

அளப்பதை ஓரிடத்தில் மட்டும் செய்யாதீர்கள். சக்கரத்தைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கைந்து இடங்களில் பாருங்கள். எங்கே மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில்தான் தொய்வைச் சரிசெய்ய வேண்டும்.

தொய்வு நிஜமாகவே அதிகம் என்றால்தான் டைட் வைப்பது. பின் சக்கரத்தின் நடுவில் ஓடும் ஆக்சிலின் நட்டைத் தளர்த்துங்கள். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் தகட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டையும், சில வண்டிகளில் செயின் பக்கம் இருக்கும் பெரிய ஸ்லீவ் நட்டையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும். ஸ்லீவ் நட்டை மறந்துவிட்டு அட்ஜஸ்டரைத் திருகித் திருகி மரை போனவர்கள் உண்டு. பிறகு சக்கரத்தைப் பின்னால் நகர்த்தும் இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சமமாக, ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். திருப்பும் ஒவ்வொரு தடவையும் தொய்வை அளக்க வேண்டும். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அந்தக் கோடுகளை மட்டும் நம்பாமல், பின்னால் குனிந்து உட்கார்ந்து செயின் ஓடும் நேருக்குக் கண்ணை வைத்துப் பாருங்கள். பின் பல்சக்கரத்தை விட்டுக் கிளம்பும் செயின் வளையாமல் முன்னால் போக வேண்டும்.

ஆக்சில் நட்டை முழு டைட் செய்த பிறகு தொய்வை இன்னொரு முறை அளக்க வேண்டும். நட்டை இறுக்கும்போதே அளவு சற்று மாறுவது வழக்கம். டிரம் பிரேக் வண்டி என்றால் இன்னொன்றும் இருக்கிறது. சக்கரம் பின்னால் போனதால் பிரேக் ராடும் இழுபட்டிருக்கும். பெடலின் ஆட்டத்தையும், பிரேக் லைட் எரிந்து அணைவதையும் பார்க்காமல் வண்டியை எடுத்தால் பிரேக் பிடித்தபடியே ஓடி டிரம் சூடாகிவிடும்.

தொய்வும் சரி, கவரும் சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்றால் ஸ்விங் ஆர்ம் மேல் செயின் உரசாமல் இருக்கப் போட்டிருக்கும் ரப்பர் தேய்ந்து, செயின் இரும்பில் அடிக்கிறதா பாருங்கள். பொருள் விலை மலிவுதான். ஆனால் நிறைய வண்டிகளில் ஸ்விங் ஆர்மையே கழற்றித்தான் அதை மாட்ட முடியும், அதனால் மெக்கானிக்கிடம் விடுங்கள். துருப்பிடித்து அசையாத ஆக்சில் நட்டும் மரை போன அட்ஜஸ்டரும் அவர் வேலைதான். சுத்தியால் அடித்து ஆக்சிலைக் கெடுத்துவிடாதீர்கள்.

## மெதுவாகப் போகும்போது "கிரீச்", கரகர என்ற வறட்டுச் சத்தம்

எங்கள் ஊரில் அதிகம் வருவது இதுதான். செயின் காய்ந்துவிட்டது, அல்லது மணலும் பழைய ஆயிலும் சேர்ந்து பசையாகிவிட்டது. இதற்கு டைட் வைக்கவே கூடாது.

செயினைக் கிட்டத்தில் பாருங்கள். தகட்டின் மேல் மட்டும் துரு என்றால் பயம் வேண்டாம், துடைத்தால் போகும். ஆனால் இரண்டு தகடுகள் சேரும் இடத்தில், கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்னை (pin) சுற்றிச் செங்கல் தூள் மாதிரி சிவந்த பொடி கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலால் தொட்டால் ஒட்டும், துடைத்து ஓட்டினால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். அந்தப் பின் உள்ளுக்குள்ளே காய்ந்து தேய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சாதாரணச் செயினில் இதை ஆரம்பத்திலேயே கண்டால் நல்ல ஆயில் போட்டுக் காப்பாற்றலாம். ஓ-ரிங் செயினில் இப்படி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் வளையம் போய்விட்டது என்று பொருள். உள்ளே கிரீஸ் திரும்பப் போகாது, மேலே எத்தனை ஸ்பிரே அடித்தாலும் சில நாள் சத்தம் அடங்குமே தவிர செயின் பிழைக்காது.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய்தான் என் முதல் தேர்வு. இப்போது கிடைப்பது கஷ்டம் என்பதால் செயின் கிளீனர் ஸ்பிரேயும் பயன்படுத்துகிறேன். டப்பாவில் ஓ-ரிங் செயினுக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். பெட்ரோல் வேண்டாம். அது ரப்பர் வளையத்தைக் கெடுக்கும், தீ ஆபத்தும் உண்டு. கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், வளையத்தைக் கிழித்துவிடும். பழைய டூத் பிரஷ் போதும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் தண்ணீரை நேராகச் செயின் மேல் பிடிக்க விடாதீர்கள். வளையத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் வெளியே வந்துவிடும்.

கீழே ஒரு பழைய அட்டையை விரித்து, டயரையும் பிரேக் டிஸ்க்கையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரு கை நீளச் செயினைத் தேய்த்து, சக்கரத்தைத் திருப்பி அடுத்த கை நீளம். மேல், கீழ், இரண்டு பக்கம் என நான்கு முகமும் தேய்க்க வேண்டும். செயினை ஊறப்போட வேண்டாம். பனியன் வேஸ்ட்டால் அழுத்தித் துடையுங்கள். முதல் துணி கருப்பாகும், இரண்டாவது பழுப்பாகும், மூன்றாவது துணி ஓரளவு வெள்ளையாகவே திரும்பினால் போதும். அப்படியே அரை மணி நேரம் காயவிடுங்கள்.

வருடம் ஒருமுறையாவது முன் பல்சக்கரத்தின் மேலிருக்கும் சின்ன மூடியையும் கழற்றுங்கள். பழைய ஆயிலும் மணலும் சேர்ந்து உள்ளே கறுப்பு மெழுகாக அப்பியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் வழித்தால் ஒரு கைப்பிடி வரும். அதை அப்படியே விட்டுவிட்டுச் செயினை மட்டும் துடைத்தால் பத்துக் கிலோமீட்டரில் அந்த மண் செயினுக்கே திரும்பிவிடும்.

அடுத்தது ஆயில். 90 கியர் ஆயிலோ செயின் லூப் ஸ்பிரேயோ எதுவானாலும் சரி. கழிவு இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் கரியும் இரும்புத் துகளும் இருக்கும், தெறிக்கவும் செய்யும். கிரீஸைத் தடவினால் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு செயினை அரத்தால் ராவுவது மாதிரி தேய்க்கும். நான் ஊசி நீக்கிய பழைய சிரிஞ்சில் கியர் ஆயில் எடுத்து, கீழ்ப்பக்கச் செயினின் உள்முகத்தில், தகடுகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு விடுவேன். செயின் ஓடும்போது ஆயில் வெளிப்பக்கம் தள்ளப்படும் என்பதால் உள்முகத்தில் விட்டதுதான் எல்லா இடத்துக்கும் பரவும். வண்டி ஓடி வந்த சூட்டோடு ராத்திரியே போட்டுவிட்டால் விடிவதற்குள் ஊறிவிடும். காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு எடுக்கலாம்.

500 முதல் 700 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் என்பது பொது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் கிலோமீட்டர் பார்ப்பதில்லை. நனைந்து வந்தால் அன்றைக்கே துடைத்து ஆயில் போட்டுவிடுகிறேன்.

## ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் தொங்கல்

செயின் ஒரே சீராகத் தேயவில்லை. முதலில் சுத்தம் செய்து ஆயில் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். துருவால் சில கண்ணிகள் மடங்கி நின்றிருந்தால் சக்கரத்தைச் சுற்றும்போது கீழ்ப்பக்கச் செயினில் அவை கோணலாகத் தெரியும். கையால் மேலும் கீழும் அசைத்து ஆயில் விட்டால் சாதாரணச் செயினில் பல சமயம் இளகிவிடும்.

இளகவில்லை என்றால் தேய்மானத்தை அளக்க வேண்டும். செயினை நீட்டி இழுத்துப் பிடித்து 21 பின்களை எண்ணுங்கள். முதல் பின்னின் மையத்திலிருந்து கடைசிப் பின்னின் மையம் வரை 20 கண்ணிகள். புது 428 செயினில் இது 254 மி.மீ., 520 செயினில் 317.5 மி.மீ. இரண்டு சதவீதம் நீண்டுவிட்டால், அதாவது 428இல் 259, 520இல் 324 அளவில் வந்துவிட்டால், மாற்ற வேண்டியதுதான். சில கம்பெனிகள் இதற்கும் முன்பே மாற்றச் சொல்கின்றன, கையேட்டில் எல்லை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்கமான இடத்துக்கும் தொங்கும் இடத்துக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் மொத்த நீளம் எல்லைக்குள் இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன்.

செயின் புதிது, ஆனாலும் இப்படி இருக்கிறது என்றால் பின் பல்சக்கரம் வட்டம் தவறியிருக்கலாம், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் பேரிங் போயிருக்கலாம். அது பட்டறை வேலை.

## டைட் வைத்த சில நாளிலேயே மறுபடி லூஸ்

ஆக்சில் நட் சரியாக இறுகியிருக்கிறதா, அட்ஜஸ்டரின் லாக் நட் பிடித்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரியென்றால் செயின் முடிந்துவிட்டது. பின் பல்சக்கரத்தின் கடைக்கோடியில், அதாவது டயரின் பின்பக்கம் பார்த்திருக்கும் இடத்தில், செயினை விரலால் பிடித்துப் பின்னால் இழுங்கள். நல்ல செயின் பல்லை விட்டு அசையாது. பாதிப் பல் தெரிகிற அளவுக்கு விலகினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அட்ஜஸ்டர் கோடு கடைசி வரை போய்விட்டாலும் அப்படித்தான். நீளமாகிப்போன செயினில் ஒரு கண்ணியை வெட்டிவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணியும் நீண்டு, பல்லோடு பொருந்தாமல் போன செயின் அது. வெட்டினால் அந்தப் பொருத்தம் திரும்பாது.

பற்களையும் பாருங்கள். புதுப் பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் சாய்ந்து சுறா மீன் துடுப்பு மாதிரி வளைந்திருக்கும். முன் பல்சக்கரம் சின்னது, பற்கள் குறைவு, அதனால் அதுதான் முதலில் தேயும். மாற்றும்போது செயின், முன், பின் என்று மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். பழைய பல்லில் ஏறும் புதுச் செயின் சீக்கிரமே பழைய செயின் ஆகிவிடும். 100 சிசி வண்டிக்குச் செட் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் முடியும், ஓ-ரிங் போட்ட பெரிய வண்டிக்கு அதைவிட நன்றாகவே கூடும்.

லாக் உள்ள செயினை வீட்டிலேயே மாற்றலாம். லாக் கிளிப் மீன் மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மூடிய தலை, மறுபக்கம் பிளந்த வால். செயின் ஓடும் திசையில் தலை இருக்க வேண்டும். மேல்பக்கச் செயினில் பார்த்தால் தலை இன்ஜின் பக்கம் நிற்கும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். ரிவெட் அடித்த செயினுக்குத் தனிக் கருவி வேண்டும். தம்பியின் வண்டியில் நான் கை வைக்காமல் பட்டறைக்கு அனுப்பும் வேலை அது ஒன்றுதான்.

## ஆக்சிலேட்டரை விட்டுப் பிடித்தால் "தடக்" என்று உதைப்பது

தொய்வை அளந்துவிடுங்கள். அது சரி என்றால் செயினை விட்டுவிட்டுப் பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பரைச் சந்தேகியுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்து, பின் பல்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மெத்தென்று கொஞ்சம் அசைந்தால் சரி. தடதடவென்று தாராளமாக ஆடினால் ரப்பர் நைந்துவிட்டது. விலை குறைந்த பொருள், சக்கரத்தைக் கழற்றத் தெரிந்தால் நீங்களே மாட்டலாம். ரப்பர் போன வண்டியில் செயினை டைட் வைத்தே ஓட்டியவர்கள் கடைசியில் செயின் செட்டையும் மாற்றினார்கள், ரப்பரையும் மாற்றினார்கள்.

முன் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் தகட்டின் போல்ட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். இவை எல்லாம் நன்றாக இருந்தும் உதைத்தால் மெக்கானிக் பார்க்கட்டும்.

## வேகத்தில் "ஊ…" என்று ஒரே இழுவைச் சத்தம்

இது டைட் அதிகமாகிவிட்ட செயினின் சத்தம், அல்லது சக்கரம் கோணலாக நிற்கிறது. பின் பல்சக்கரத்தின் பற்களை ஓரமாகப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கோணல்.

பால்கார அண்ணனுக்கு இது நடந்தது. ஒரு கடையில் கேன் ஏற்றாத வண்டியை ஸ்டாண்டில் போட்டு, செயினைத் தந்திக்கம்பி மாதிரி முறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நாற்பது லிட்டர் கேன் ஏறி ஸ்விங் ஆர்ம் மேலே எழும்பியதும், இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே தூரம் கூடி, தொய்வு சுத்தமாக இல்லாத செயின் முன் பல்சக்கரம் மாட்டியிருக்கும் ஷாஃப்டையே இழுத்திருக்கிறது. மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினார். கடைசியில் இன்ஜினைப் பிரித்து அந்த ஷாஃப்டின் பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வாரம் முழுக்க அவர் சைக்கிளில் பால் ஊற்றினார். அதிலிருந்து அவர் வண்டிக்குத் தொய்வு பார்ப்பதென்றால், அளவு சரியென்று முடித்த பிறகும் கேன்களை ஏற்றி, அவரையும் உட்காரவைத்து, கீழ்ப்பக்கச் செயின் இன்னும் விரலுக்கு அசைகிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்.

தொய்வை அளவுக்குத் தளர்த்தி, கோணலை நிமிர்த்திய பிறகும் சத்தம் இன்ஜின் பக்கமிருந்தே வந்தால் ஓட்டாதீர்கள். காட்டிவிடுங்கள்.

## செயின் பல்லைத் தாண்டிக் குதிப்பது, கழன்று விழுவது

இதில் படிப்படியாகப் பார்க்க எதுவும் இல்லை. ஓரமாக நிறுத்துங்கள். ஓட்டத்தில் கழன்ற செயின் பல்லுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே சிக்கினால் பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும், அறுந்து சுழன்றால் இன்ஜின் கேஸையே உடைக்கும். ஒருமுறை கழன்றதைத் திரும்ப மாட்டி மெதுவாக வீடு சேரலாம் என்பது, லாக் கிளிப் இருக்கிறது, பற்கள் முழுசாக இருக்கின்றன, ஆக்சில் நேராக நிற்கிறது என்று மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகுதான். ஏதாவது ஒன்று இல்லையென்றாலும் தள்ளிக்கொண்டு போங்கள், இல்லை குட்டியானை பிடியுங்கள்.

## பின் டயரிலும் ரிம்மிலும் ஆயில் தெறிப்பு

போட்ட ஆயில் அதிகம், அல்லது போட்ட உடனே வண்டியை எடுத்துவிட்டீர்கள். செயினின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டால் நின்றுவிடும். இரண்டு நாள் துடைத்தும் தெறித்தால், முன் பல்சக்கர மூடியைக் கழற்றிச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பல்சக்கரத்துக்குப் பின்னால் புது ஆயில் ஈரமாக வழிந்திருந்தால் அது இன்ஜின் ஆயில், அங்கே சீல் போய்விட்டது. ஆயில் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வாரத்துக்குள் மெக்கானிக்கிடம் விடுங்கள். டயரின் ஓடுபாதையில் ஆயில் பட்டிருந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகே வண்டியை வெளியில் எடுங்கள்.